விலா எலும்பும் கைமணம் என்ற பொய்யும்

உங்கள் வீட்டில் கைமணம் யாருக்கு இருக்கிறது? அம்மாவுக்கா, மனைவிக்கா, அக்காவுக்கா? "எனக்குத்தான்" என்று சொல்லும் ஆண்கள் எழுந்து நிற்கலாம். கூட்டம் நெரியாது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன். பிறக்கும்போதே விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நீங்கள் நம்பும் அந்த மணத்தை யாராவது ஒருநாளாவது சோதித்துப் பார்த்தீர்களா?

ஒரு வீட்டில் சோதித்தார்கள். விரும்பிச் செய்ததல்ல, வேறு வழியில்லாமல் போயிற்று. அந்த வீட்டுப் பெண்ணின் கதை இது.

இரும்புக் குழாய்கள் வந்து இறங்கும் பெரிய கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. லாரியில் கிடக்கும் குழாய்க்கட்டுக்குச் சங்கிலி சுற்றி, கிரேனின் கொக்கியில் மாட்டிவிட்டு, மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். தூக்கு, நிறுத்து, இந்தப் பக்கம், மெல்ல இறக்கு. கிரேன் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது; எல்லாம் கைதான். கிடங்கில் அவரை எல்லோரும் கொக்கியக்கா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும் குரலில் மரியாதையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. சங்கிலி சரியாக விழவில்லையென்றால் மேலே இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சுமையைத் தூக்க விடமாட்டார்.

கீழே நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள், மேலே உட்காருபவர்கள் எல்லோரும் ஆண்கள். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் கிழித்துப் போடலாம். எழுதாத விதியை எந்தக் கையால் கிழிப்பது? மேலே ஏறினால் கூலி கூடும், நிழல் கிடைக்கும், நாற்காலி கிடைக்கும். "பொம்பளைக்குக் கை நடுங்கும்மா. மேல இருந்து ஒரு கட்டு நழுவினா யார் பதில் சொல்றது?" என்பார் மேற்பார்வையாளர். அவர் கை நடுங்கி டீ சிந்தாத நாள் கிடையாது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் கதை வேறு. அங்கே கொக்கியக்காவின் கை தங்கக் கை. காரணம், பன்றி விலா எலும்பு. ஞாயிற்றுக்கிழமை அடி கனமான பாத்திரத்தில் அவர் அதை ஏற்றி வைத்தால், வெந்து இறங்கும்போது எலும்பைப் பிடித்துத் தூக்கினாலே கறி தானாக வழுக்கி விழும். வெங்காயமும் பூண்டும் கரைந்து குழம்பு விரலில் ஒட்டும். சாப்பிட்டவர்கள் கையைக் கழுவ மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

"உன் கை பட்டாத்தான்மா இப்படி வரும்," என்பார் மாமியார். "எனக்கெல்லாம் இது வரவே வராது."

இந்த நிலையில்தான் கிடங்கில் ஓர் அறிவிப்பு வந்தது. கிரேன் ஆபரேட்டர் இடம் காலியாகிறது, விருப்பமுள்ளவர்களுக்குத் தேர்வு. சரக்கு வராத ஞாயிற்றுக்கிழமை, வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கிரேனை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். இடம் காலியாவதே அபூர்வம். கொக்கியக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மதிய இடைவேளைகளில் ஒரு பழைய ஆபரேட்டரை விடாமல் நச்சரித்து, கூண்டில் ஏறிப் பழகியும் வந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கணவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. விலா எலும்பு வேணும்னு இப்பவே சொல்லிட்டான்."

"ஞாயித்துக்கிழமை எனக்குத் தேர்வு."

"அவன் வருஷத்துக்கு ஒரு தடவைதானேம்மா வர்றான்," என்றார் மாமியார்.

"கிரேன் தேர்வு உங்க பெரிய பையனைவிட அபூர்வமா வருது அத்தை."

"முந்தின நாளே செஞ்சு வச்சிட்டுப் போயிடேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்கு லோடு இருக்கு. அதுக்கப்புறம் அடுப்பு முன்னாடி நின்னேன்னா, மறுநாள் கூண்டுல உட்கார்ந்து கொட்டாவிதான் விடணும். நான் தூங்கணும் அத்தை."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து மூத்தவரே போன் செய்தார். விஷயம் தெரிந்ததும், ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"கிடங்குக்காரங்ககிட்ட தேர்வை அடுத்த வாரம் வச்சுக்கச் சொல்லும்மா. உன் கைமணத்துக்காகத்தானே அவ்வளவு தூரம் வர்றோம்?"

கொக்கியக்கா போனை எடுத்து மேசையில் நேராக வைத்தார்.

"மாமா, கிடங்குல என் கையை நம்ப மாட்டேங்கிறாங்க, நடுங்குமாம். வீட்ல என் கையைத் தவிர வேற எதையும் நம்ப மாட்டேங்கிறீங்க. ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் தேர்வுக்குப் போயிட்டு வந்துடறேன்."

மூத்தவர் இருமினார். போன் அணைந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றார் கணவர்.

"நீங்க வைங்க."

"நானா? என் கையாலயா?"

"ஏன், உங்க கைக்கு என்ன குறை? விரல் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

மாமியார் சிரித்துவிட்டார். பிறகு, யார் பக்கம் சிரித்தோம் என்று யோசிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாராட்டு என்ற பெயரில் உலகத்தில் நடக்கும் அநியாயங்களில் இந்தக் கைமணம் முதல் வரிசையில் நிற்கிறது. ஒருவரை அடித்துச் சமையலறையில் உட்கார வைத்தால் கொடுமை என்போம். புகழ்ந்து உட்கார வைத்தால் அவரே நன்றி சொல்கிறார்! "உன்னைப்போல யாராலும் முடியாது" என்ற வாக்கியத்துக்கு நடைமுறையில் ஒரே அர்த்தம்தான்: "ஆகவே நான் செய்ய மாட்டேன்." விலா எலும்பு மெத்தென்று வேகும் விஷயத்தில் ஒரு மாயமும் கிடையாது. எலும்பை ஒட்டியிருக்கும் நாரும் சவ்வும் மெல்லிய சூட்டில், ஈரத்தில், நெடுநேரம் கிடந்தால் இளகிப் பசையாகும். அது யார் ஏற்றி வைத்தது என்று எலும்புக்குத் தெரியாது.

ஞாயிறு காலை கணவரே கறிக்கடைக்குப் போய் வாங்கி வந்தார். உள்பக்கத்துச் சவ்வைத் துணியால் பற்றி உரித்தெடுக்கும்போது பாதியில் அறுந்தது. மறுபடி பற்றி உரித்தார். கொக்கியக்கா வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"எல்லாப் பக்கமும் நல்லா சிவக்கட்டும். அப்புறம் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு. கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சர்க்கரை. கறி பாதி முங்குற அளவு தண்ணி. மூடிட்டா அடிக்கடி திறக்காதீங்க. தீயைக் கூட்டாதீங்க. ஓரத்துல ஒரு குமிழி வந்து உடைஞ்சா போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா இவ்வளவுதான் செஞ்சியா?"

"கூடவே பக்கத்துல இருந்தேன். அதை யாரும் சேர்க்கிறதில்ல."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கணவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். மீட்டர் முள் மேலே ஏறினால் வேலை நடக்கிறது, இறங்கினால் துணி தேங்குகிறது என்பது அவர் வாழ்க்கையில் கண்ட உண்மை. வறுத்து, தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் வைக்கும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு அவர் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றார். பாத்திரம் ஒன்றுமே செய்யவில்லை. மூடியைத் திறந்தார். ஓரத்தில் ஒரு குமிழி சோம்பேறித்தனமாக எழுந்து உடைந்தது.

"இது இன்னிக்கு வேகாதும்மா. அண்ணன் வந்துடுவான்."

"அவ கூட்டாதேன்னு சொன்னாளே?"

"அவளுக்கு அழுத்தம் பத்தித் தெரியாது. நான் தினமும் பார்க்கிறவன்."

தீயைக் கூட்டினார். மூடி தடதடவென்று ஆடியது. ஆவி வீணாகிறதே என்று அவர் மனம் பதறியது. சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. தூக்கினால் தோள் இறங்கும் கனம். அதைக் கொண்டுவந்து மூடிமேல் வைத்தார். ஆட்டம் நின்றது. வெற்றியோடு முன்னறைக்குப் போய் நாற்காலிகளை ஒழுங்கு செய்தார்.

முதலில் மூக்கை உறிஞ்சியவர் மாமியார். "டேய், என்னமோ கருகுது."

ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தண்ணீர் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருந்தது. அடியில் வெங்காயம் கரியாகப் பிடித்திருந்தது. மேலே இருந்த எலும்பு ஒன்றை எடுத்துக் கணவர் கடித்துப் பார்த்தார். பல் ஏறவில்லை.

"செருப்பு மாதிரி இருக்கும்மா."

"அவளுக்குப் போன் போடு."

"போனை லாக்கர்ல வச்சிட்டுத்தான் மேல ஏறுவாங்க. எடுக்க மாட்டா."

"எடுத்தா மட்டும் என்ன, கிரேன்ல இருந்து கீழ குதிச்சு வருவாளா?" மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். "நகரு. அடியைச் சுரண்டாதே, சுரண்டினா மொத்தமும் கெட்டுடும். மேல இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்து. சுடுதண்ணி ஊத்து. தீயைக் குறை. இன்னும் குறை. இன்னும்டா."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. உட்காரு."

அவர்கள் அப்படிப் போராடிக்கொண்டிருந்தபோது கொக்கியக்கா கிடங்கில் ஏணி ஏறிக்கொண்டிருந்தார். தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம். குழாய்க்கட்டைத் தூக்கி, கிடங்கின் மறுகோடிவரை கொண்டுபோய், ஆட்டமில்லாமல் சதுரத்துக்குள் இறக்க வேண்டும். அவருக்கு முன்னால் இரண்டு ஆண்கள் ஓட்டிவிட்டு இறங்கியிருந்தார்கள். இருவருமே சுமாராக இறக்கியிருந்தார்கள்.

தொங்கும் சுமை ஆடத்தான் செய்யும். அது முன்னால் போகும்போது பயந்து பின்னால் இழுத்தால் ஆட்டம் இரட்டிப்பாகும். அது போகும் பக்கமே கிரேனையும் லேசாக நகர்த்தி, அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றுவிட வேண்டும். அப்போது சுமைக்கு ஆட இடமில்லை. கீழே நின்று வருஷக்கணக்காக அண்ணாந்து பார்த்த பெண்ணுக்கு, எது எப்போது ஆடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழக வேண்டியிருந்தது நெம்புகோல்கள் மட்டும்தான்; அதையும் பழகியிருந்தார். கட்டு சதுரத்தின் நடுவில், சத்தம்கூட இல்லாமல், உட்கார்ந்தது.

தேர்வாளர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர், "சில நேரம் அதுவா அமைஞ்சிடும் சார்," என்றார்.

"இன்னொரு தடவை தூக்கிக் காட்டுங்க," என்று கீழிருந்து கை காட்டினார் தேர்வாளர்.

கொக்கியக்கா தூக்கினார். மறுபடி அதே சதுரம், அதே நடு. இறங்கி வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், மத்த ரெண்டு பேரையும் இன்னொரு தடவை கேட்டீங்களா?"

"இல்ல."

"எனக்கு அதுவா அமைஞ்சிருந்தா அவங்களுக்கும் அதுவா அமைஞ்சிருக்கலாம் இல்லையா? எல்லாருக்கும் ரெண்டு தடவைன்னா எனக்கும் ரெண்டு தடவை. நியாயம் அதுதானே?"

அங்கே நின்ற கொக்கி மாட்டும் பெண்களில் ஒருத்தி, "மூணு தடவைகூட வைங்க சார், எங்களுக்கு இன்னிக்கு லீவுதான்," என்றாள். தேர்வாளர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். அவர் முகம் சிவந்தது. ஆனால் கோபத்தில் சிவக்கவில்லை. மற்ற இருவரையும் மறுபடி மேலே ஏற்றினார். ஒருவர் இந்தமுறையும் ஒப்பேற்றினார். இன்னொருவரின் கட்டு ஊஞ்சலாடிச் சதுரத்துக்கு வெளியே விழுந்தது. இதனால் எல்லாம் முடிய நேரமாயிற்று.

வீட்டில் மூத்தவரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்து, பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் ஆகலையா?" என்று மூத்தவர் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"அது ஆகும்போது ஆகும்," என்றார் மாமியார். அவர் ஒரு முக்காலியைப் போட்டு அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரையும் மூடியைத் தொட விடவில்லை. கணவர் எதிரில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மூடியின் ஓரத்து இடுக்கில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

"நான் செஞ்சா எப்பவும் ரப்பர் மாதிரிதான் இருக்கும்," என்றார் மாமியார் திடீரென்று. "உங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, உனக்குக் கைமணமே கிடையாதுன்னு. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். தையல் கம்பெனியில இருந்து இருட்டின அப்புறம்தான் வீட்டுக்கு வருவேன். நீங்க ரெண்டு பேரும் தட்டைத் தட்டிட்டு உட்கார்ந்திருப்பீங்க. தீயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வச்சுக் கொதிக்க விடுவேன். இப்ப நீ பண்ணியே, அதேதான். இஸ்திரிப் பெட்டி ஒண்ணுதான் வைக்கல."

கணவர் முக்காலிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"என் கையில குறையே இல்லடா," என்றார் மாமியார். "எனக்கு நேரம் இல்ல. அவ்வளவுதான்."

ஒரு மனிதரைத் தன் வாழ்நாள் முழுக்கத் தன் கையையே குறைசொல்ல வைத்த அந்தப் பேச்சுக்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது? கைமணம் உள்ளவளைப் புகழ்ந்து கட்டிப்போடு, இல்லாதவளை இகழ்ந்து கட்டிப்போடு. இரண்டு கயிறும் ஒரே கடையில் வாங்கியவை.

மதியச் சாப்பாடு சாயங்காலச் சாப்பாடாக நகர்ந்தபின் மாமியாரே மூடியைத் திறந்தார். கரண்டியை வைத்து லேசாக அழுத்தினார். கறி விலகி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மாமியார் இன்னொரு எலும்பையும் அழுத்திப் பார்த்தார்.

மூத்தவர் இரண்டாவது எலும்பை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொண்டார். "என்னதான் சொல்லு, போறதுக்கு முன்னாடி செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கா பாரு. அந்தக் கைக்கு ஈடு கிடையாது."

"அவ இதைத் தொடவே இல்ல," என்றார் மாமியார். "செஞ்சது உன் தம்பி. கருக்கினதும் அவன்தான். காப்பாத்தினது நான்."

"சும்மா சொல்லாதம்மா."

"அடிப்பிடிச்ச பாத்திரம் உள்ள ஊறுது. சாப்பிட்டுட்டு நீயே போய்த் தேய். நம்பிக்கை வரும்."

மூத்தவரின் மனைவி அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்துவிட்டுத் தன் கணவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம்தானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."

மூத்தவருக்குப் புரையேறியது.

அந்த நேரத்தில்தான் கொக்கியக்கா வந்தார். முகத்தில் கிடங்கின் தூசி. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கீங்க? நாளையில இருந்து நான் மேல," என்றார் அவர். "எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?"

கணவர் தட்டில் பரிமாறி வந்து முன்னால் வைத்தார். இந்த வேலையை அவர் இதற்கு முன் செய்ததில்லை என்பது குழம்பு மேசையெல்லாம் சிந்தியதில் தெரிந்தது. கொக்கியக்கா ஒரு வாய் மென்றார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல். லேசா கருகின வாடை இருக்கு."

"ஆமா," என்றார் கணவர்.

"கறி நல்லா வெந்திருக்கு."

கணவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் அந்தப் பக்கம் பார்ப்பதுபோல இருந்துகொண்டே, "இன்னொரு எலும்பு போடுடா அவளுக்கு," என்றார்.

எல்லாம் திருந்திவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. மூத்தவர் ஊருக்குப் போய், தம்பி வீட்டில் கரிச்சோறு போட்டார்கள் என்று சொல்லித் திரிகிறாராம். கிடங்கில் மேற்பார்வையாளர் இன்னமும், கொக்கியக்கா சுமையை இறக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். ஆனால் கீழே நிற்கும் பெண்களில் இருவர் இப்போது மதிய இடைவேளையில் கூண்டில் ஏறிப் பழகுகிறார்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு முறைபோட்டுச் சுற்றி வருகிறது. மாமியார் முறை வரும் வாரத்தில் அக்கம்பக்கத்தார் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு நீங்களே போங்கள். நீங்களே கழுவுங்கள், நீங்களே ஏற்றி வையுங்கள், வேகும்வரை நீங்களே பக்கத்தில் இருங்கள். கருகினால் கருகட்டும், யாரும் செத்துப்போக மாட்டார்கள். அதற்கு முன்னால், கைமணக்காரி என்று நீங்கள் முடிவுகட்டி வைத்திருக்கும் அந்தப் பெண்ணிடம், இன்றைக்கு உனக்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வழியை விட்டு நகர்ந்து நில்லுங்கள்.